நாகவேணி கண்டுபிடித்த பொய்கள்

ரோஜாக் கொட்டகையின் பிளாஸ்டிக் கூரைக்கு உட்புறம் ஈரம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, ஒன்றோடொன்று கூடிக் கனத்து, எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டு பின்கழுத்தில் விழும். அந்தக் குளிர் முதுகு வழியாக இடுப்பு வரை இறங்கும். மருந்தடித்த இலையின் காட்டமான வாடையும், நனைந்த மண்ணின் வாடையும், விரியாத மொட்டுகளிலிருந்து வருகிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மெல்லிய மணமும் கலந்து கிடந்த அந்தக் கொட்டகைக்குள்தான் என் பதினைந்தாவது வயதின் மார்கழியும் தையும் கழிந்தன. அங்கே நான் ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தேன். கேட்டவள் ஒருத்திதான். அவள் பெயர் நாகவேணி.

எங்கள் அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு லேத் ஆபரேட்டராக வேலைக்கு வந்தவர். நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல், பாகலூரிலிருந்து மாலூர் போகிற சாலையில், நடந்தே கர்நாடகத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்திலிருந்த ஒரு கிராமத்தில், ஒரே சுவரை இருபுறமும் பங்குபோட்டுக்கொண்ட ஆறு வீடுகள் கொண்ட "லைன் வீட்டில்" குடியிருந்தோம். வீட்டுக்காரர் முனிராஜ் பரம்பரை விவசாயி. ராகியும் தக்காளியும் விளைந்த நிலத்தில் பாதியை ரோஜாவுக்கு ஒதுக்கி, பெரிய "பாலி அவுஸ்" என்கிற அந்தக் கொட்டகையைப் போட்டிருந்தார். ரோட்டோரத்து மேட்டு நிலத்தில் என் அப்பாவைப் போன்ற கம்பெனி ஆட்களுக்காக அந்த ஆறு வீடுகளைக் கட்டியிருந்தார். அவர்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். மனைவி லட்சுமம்மா, மூத்தவள் ரூபா, இளையவள் நாகவேணி. நாகவேணிக்கும் எனக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம்.

ஐந்தாம் வகுப்பு வரை கன்னடப் பள்ளியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தவள் அவள். பேசும்போது தமிழ் தடையில்லாமல் வரும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அரிசியில் கல் பொறுக்குகிறவளைப் போல ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் தமிழ் டீச்சர் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் அவளுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டுவேன், அவள் எனக்குக் கணக்குச் சொல்லித்தருவாள். ஐந்து வருடம் அப்படித்தான் போயிற்று. பத்தாம் வகுப்பிலும் அப்படித்தான்.

அப்பாவின் கம்பெனியில் தொழிலாளர்களுக்கென்று ஒரு சின்னப் படிப்பறை இருந்தது. அப்பா செய்தித்தாளைத் தவிர வேறெதுவும் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அட்டை வாங்கி வைத்துவிட்டோமே என்பதற்காக மாதத்துக்கு ஒரு புத்தகம் எடுத்துவருவார். கைக்கு எது அகப்படுகிறதோ அது. அந்த மார்கழியில் சோற்று டப்பாவோடு சேர்த்துப் பையில் வந்தது "ஏழாவது மதகு" என்ற தடித்த நாவல். எழுதியவரின் வேறு எந்தப் புத்தகத்தையும் பின்னாளில் எவ்வளவு தேடியும் நான் பார்க்கவில்லை. முதல் இரண்டு அத்தியாயத்தை வீட்டில் படித்துவிட்டு, மறுநாள் பள்ளி விட்டதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு ஓடினேன். நாகவேணி அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பாள். மொட்டு பருக்க வேண்டும், ஆனால் இதழ் விரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு சின்ன வலைக் குல்லாய் மாட்டுவார்கள். அதை "கேப் போடுறது" என்பார்கள். மாலை நாலரை மணியிலிருந்து இருட்டும் வரை அது அவள் வேலை. வரிசைக்கு நடுவிலிருந்த ஈரப் பாதையில் அவள் மெல்ல நகர்ந்துகொண்டே கேப் போட, நான் ஒரு உரச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து வாசித்து, அவள் தூரம் போனதும் சாக்கோடு எழுந்து நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து வாசிப்பேன்.

கதை ஒரு ஏரிக்கரையில் நடந்தது. எந்த நாடு, எந்தக் காலம் என்று அதில் இல்லை. ஆண்டு முழுவதும் பனி விலகாத ஊர். ஏரிக்கு ஏழு மதகுகள். அவற்றைத் திறந்து மூடுகிற வேலை ஒரு பெண்ணுடையது. அவள்தான் கதையைச் சொல்கிறாள். அவளுடைய தங்கை ஒருநாள் தண்ணீருக்குள் படியிறங்கிப் போய்விட்டாள். அங்கே இன்னொரு ஊர் இருக்கிறது, அதற்குத் தெருக்களும் சந்தையும் உண்டு, அமாவாசைதோறும் அங்கே விளக்கேற்றுகிறார்கள், தங்கை அங்கே சுகமாக இருக்கிறாள், மீன்கள் அவள் சேதியைக் கொண்டுவருகின்றன என்று மதகுக்காரி சொல்லச் சொல்ல, கொட்டகைக்கு வெளியே உண்மையாகவே பனி இறங்கிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு அப்பால் சாலையில் போகிற லாரிகளின் விளக்குகள் மங்கலாக ஊதி உருண்டு, நீருக்கடியில் யாரோ கைவிளக்கோடு நடப்பதைப் போலத் தெரியும். நான் வாசிப்பதை நிறுத்திவிடுவேன். அவளும் கேப் போடுவதை நிறுத்திவிடுவாள். இருவரும் அந்த வெளிச்சம் கடந்துபோகிற வரை பார்த்துக்கொண்டிருப்போம். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்தப் புத்தகத்துக்குள்ளும் இருந்ததில்லை. காலையில் பள்ளிக்குப் போகும்போது பனிக்குள்ளிருந்து ரூபா வேலைக்குப் போகிற கம்பெனி பஸ் மூக்கை மட்டும் நீட்டி வருவதைப் பார்த்தாலும் எங்களுக்கு அது ஏரிக்குள்ளிருந்து வருகிற ஏதோ ஒன்றாகத்தான் இருந்தது.

நான் மதகுக்காரி சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினேன். புத்தகத்தில் ஒருத்தி "நான்" என்று தொடங்கிச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஐந்தாவது அத்தியாயம் முடிகிற நேரத்தில் நாகவேணி ஒரு மொட்டைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"இவ சுள்ளு சொல்றாடி."

"சுள்ளு" என்றால் கன்னடத்தில் பொய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். தங்கை போன அன்று நல்ல நிலா இருந்தது என்று முதலில் சொன்னாள், இப்போது இருட்டில் படி தெரியவில்லை என்கிறாள். தங்கை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள் என்றாள், இப்போது ஒற்றைச் செருப்பை மதகு ஓரத்தில் மீனவன் கண்டெடுத்தான் என்கிறாள். எது நிஜம் என்று கேட்டாள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. வரிகளைக் கண்ணால் பார்த்த எனக்குத் தெரியாதது, காதால் மட்டும் கேட்டவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டானது. மதகுக்காரி எங்கே பொய் சொல்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் "சுள்ளு" என்று சொல்கிறவர் அந்தப் பக்கத்தில் ஒரு ரோஜா இலையை வைக்க வேண்டும். பெரும்பாலும் அவள்தான் வைத்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் வந்து குனிந்து, மண் ஒட்டிய விரலை வரியின்மேல் வைத்து, எழுத்துக் கூட்டி, நான் சரியாக வாசித்தேனா என்று பார்ப்பாள். எனக்கும் போகப்போகப் பழகியது. ஒருத்தி கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னால் அங்கேயும் ஏதோ இருக்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவள் தமிழைத் திணறித் திணறிப் படித்தவள். பொய் சொல்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு மதகுக்காரியைப் பிடிக்காமல் போனது. நாகவேணிக்குத்தான் அதற்குப் பிறகு அவளை அதிகமாகப் பிடித்தது. "பாவம், எத்தையோ சொல்ல முடியாம சுத்திச் சுத்தி வர்றா" என்பாள்.

தை முடிகிற நேரத்தில் ரூபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை லட்சுமம்மாவின் தம்பி கேசவன். மாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெங்களூர்ச் சந்தைக்குப் பூ வண்டி ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வயதிருக்கும். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வரும்போதெல்லாம் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பன் வாங்கிவருவார். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். ரூபா பிறந்தபோதே பேசி வைத்தது என்று லட்சுமம்மா சொல்வார். வளையல்காரர் வந்து ரூபாவின் கைக்கு அளவு பார்த்துவிட்டுப் போனார். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போன ரூபா மாலையில் திரும்பவில்லை. கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் வேலைபார்த்த ஒருவனோடு போய்விட்டாள் என்று இரண்டு நாளில் தெரிந்தது. முனிராஜ் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். லட்சுமம்மா வாசலைக் கூட்டவில்லை. எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் ரேடியோவைக்கூடத் தாழ்த்தி வைத்துக்கொண்டார்கள். நாகவேணி பள்ளிக்கு வரவில்லை. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். நாவலில் மூன்று அத்தியாயம் பாக்கி இருந்தது. அவள் இல்லாமல் படிக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். ஆனால் காத்திருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து முடித்துவிட்டேன். முடித்த பிறகு அம்மா சோறு போட்டு வைத்ததை என்னால் தொட முடியவில்லை. வெள்ளம் வந்த நாளில் ஏழாவது மதகைத் திறந்திருக்க வேண்டியவள் பயந்துபோய்க் காவல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை ஓடிவந்து கதவைத் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இவள் திறக்கவில்லை. கரை உடைந்து ஊரே போயிற்று. தண்ணீருக்குள் இருக்கிற ஊர் அவளுடைய சொந்த ஊர்தான். விளக்கு, சந்தை, மீன் கொண்டுவந்த சேதி எல்லாம் அவளாகக் கட்டிக்கொண்டவை. கேட்பதற்கும் யாருமில்லாத கரையில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நாவல் முடிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்தபோது கொட்டகையின் பிளாஸ்டிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாகவேணி இருந்தாள். கேப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, வெறுமனே வரிசைக்கு நடுவில் நின்றிருந்தாள். புத்தகத்தை எடுத்து வா, மிச்சத்தைப் படித்துவிடு, நாளைக்கு நான் ஊருக்குப் போகிறேன் என்றாள்.

எடுத்து வந்தேன். படிக்க ஆரம்பித்தேன். இரண்டு அத்தியாயத்தை எழுதியிருந்தபடியே படித்தேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது, சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவளைப் போலிருந்தாள். என்னால் அதை அவளுக்குப் படிக்க முடியவில்லை. கண்ணைப் பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைச் சொன்னேன். விடிகிற நேரத்தில் பனி முதல் தடவையாக விலகியது, தங்கை ஈரத் தலையோடு படியேறி வந்தாள், பசிக்கிறது என்றாள், அக்கா சூடாகக் களி கிண்டிப் போட்டாள், இருவரும் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று இட்டுக்கட்டி முடித்தேன். நாகவேணி விரலை வரியின்மேல் வைத்துப் பார்க்க வரவில்லை. நல்ல முடிவு என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் தன் சேதியைச் சொன்னாள். அக்கா போனதிலிருந்து ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் அப்பா அவளைக் கொஞ்ச நாளைக்கு மாமா ஊருக்கு அனுப்புகிறார். அங்கே தொந்தரவில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம். பரீட்சைக்குக் கண்டிப்பாக வந்துவிடுவாள். பரீட்சைக்கு வந்துவிடுவேன் என்பதை மூன்று தரம் சொன்னாள். பேசும்போது தாவணி நகர்ந்து இரண்டு கையும் தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து மேலே நெருக்கமாகப் பச்சைக் கண்ணாடி வளையல்கள். ரூபாவுக்கு வளையல்காரர் அளவெடுத்துப் போனாரே, அதே கல்யாணப் பச்சை. கட்டைவிரலுக்குக் கீழே, வளையலை நெருக்கி ஏற்றும்போது கீறிய சிவப்புக் கோடுகள் காயாமல் இருந்தன. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

"கோவில் ஜாத்திரைக்குப் போட்டுக்கினேன்" என்று அவளாகவே சொன்னாள்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீண்ட நேரம் நின்றாள். நான் புத்தகத்தை மூடி, நீயே வைத்துக்கொள், அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வளையலைச் சொன்னேன். அம்மா அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. அவருக்கும் ஏதோ தெரிந்திருந்தது என்று அந்த நிற்றலிலேயே எனக்குப் புரிந்தது.

"ஏட்டி, அது அவுக குடும்பத்து விஷயம். அவுக வீட்டுலதான் நாம குடியிருக்கோம். நீ ஒண்ணையும் பாக்கல, ஒண்ணுந் தெரியாது, என்ன?"

அம்மா கெட்டவர் அல்ல. முனிராஜ் நல்ல மனிதர், ஐந்து வருடமாக ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் எங்களை வைத்திருந்தவர், ஏற்கெனவே ஒரு மகளால் தலைகுனிந்து கிடக்கிறார். அந்த வீட்டில் இன்னொரு நெருப்பை நாம் வைக்கக் கூடாது என்றுதான் அம்மா நினைத்தார். நான் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை கணக்கு மிஸ் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். கணக்கு மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு நடக்க இருந்த கல்யாணத்தை, அதிகாரிகளுக்குப் போன் போட்டு நிறுத்தியவர் அவர். அது பள்ளி முழுவதற்கும் தெரியும். அந்தப் பெண் மறுபடியும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். மிஸ் கதவைச் சாத்திவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, மெதுவாகத்தான் கேட்டார். நாகவேணி ஏன் வரவில்லை, உனக்குத் தெரியாமல் இருக்காது, எதுவாக இருந்தாலும் சொல், உன் பெயர் வெளியே வராது என்றார்.

"மாலூர்ல அவங்க மாமா வீட்டுக்குப் போயிருக்கா மிஸ். படிக்கப் போயிருக்கா. பரீட்சைக்கு வந்துருவா" என்றேன்.

நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். திரும்பவும் ஒரு தடவை கேட்டார். திரும்பவும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலூர்ப் பக்கத்துக் கோவில் ஒன்றில், ரூபாவுக்குக் குறித்த அதே முகூர்த்தத்தில், நாகவேணியைக் கேசவனுக்குக் கட்டிவைத்தார்கள். திங்கட்கிழமை லட்சுமம்மா லைன் வீடு முழுவதற்கும் தலையைக் குனிந்துகொண்டு லட்டு கொடுத்துவிட்டுப் போனார். தேர்வு நாளில் எனக்கு முன் பெஞ்சில் அவளுடைய எண் ஒட்டியிருந்தது. கடைசித் தேர்வு வரை அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை.

அப்பா படிப்பறையில் புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த வருடம் யுகாதிக்கு நாகவேணி பிறந்த வீட்டுக்கு வந்தாள். நான் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். இடுப்பில் நாலு மாதப் பெண்குழந்தை, பெயர் ஹம்சா. ஒரு மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா காப்பி போட உள்ளே போனார். நாகவேணி முன்னைவிட மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய இருந்தாள். மாமா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்றாள். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் தானே படித்துவிட்டதாகச் சொன்னாள். குழந்தை தூங்குகிற நேரத்தில் தினம் நாலு வரி, ஐந்து வரி என்று எழுத்துக் கூட்டி, மூன்று மாதம் ஆயிற்றாம்.

"அந்தப் புஸ்தகத்துல எங்கியும் களியே கெடையாது. அன்னிக்கே தெரியும் எனக்கு" என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. மன்னித்துக்கொள் என்றேன். அன்றைக்கு அதைக் கேட்கத்தான் தனக்கும் ஆசையாக இருந்தது என்றாள். கொஞ்ச நேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, நானும் அன்று உன்னிடம் வேறொன்றுதான் சொன்னேன், அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார் என்றாள்.

தெரியும் என்று நான் சொல்லிவிட்டேன். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னேன். வளையலைப் பார்த்தேன், அப்போதே தெரிந்துவிட்டது என்றேன்.

அவள் கை குழந்தையின் காலிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் எனக்கு எப்படியாவது ஆறியிருக்கும். ஒரு கணக்கு எங்கே தப்பாகப் போயிற்று என்று தேடுகிறவளின் முகம் அது.

"தெரியுமா ஒனக்கு?" என்றாள். "நீ கண்டுபுடிப்பேன்னுதான் கைய மறைக்காம நின்னேன். நீ சுள்ளுன்னு சொல்லுவே, மிஸ்கிட்ட போயி சொல்லுவேன்னு நாலு நாளு வாசலயே பாத்துக்கினு இருந்தேன். வரல. செரி, நாம சொன்னத நம்பிட்டா போலன்னு நெனச்சிக்கினேன்."

அம்மா காப்பியோடு வந்துவிட்டார். நாகவேணி வாங்கிக் குடித்தாள். காப்பி நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மிஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவளிடம் நான் சொல்லவில்லை. அதை மட்டும் அவள் தெரிந்துகொள்ளவேயில்லை.

அந்த வருடமே நாங்கள் ஓசூருக்குள் வீடு மாறினோம். நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டாம் வருடத்தில் ஒருநாள் விடுதிக்குப் போன் வந்தது. இரண்டாவது பிரசவத்தில் நாகவேணி போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை என்று அம்மா சொன்னார். அவளுக்குப் பத்தொன்பது வயது. அம்மா போனில் அழுதுகொண்டே, நான்தான்டி உன் வாயைக் கட்டினேன் என்றார். இல்லை என்று நான் சொன்னேன். அது மரியாதைக்காகச் சொன்னதல்ல. அம்மா என் வாயை வீட்டில்தான் கட்டினார். ஆசிரியர் அறைக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். காரியத்துக்குப் போனபோது கேசவன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் பற்றி யாரிடமும் கேட்கிற நேரம் அதுவல்ல. பின்னொரு நாள் விசாரித்தேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

இப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைபார்க்கிறேன். சரியில்லாததைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைப்பது என் தொழில். பாகலூர்ச் சாலை அகலமாகிவிட்டது. எங்கள் லைன் வீடு இருந்த இடத்தில் ஒரு கிடங்கு நிற்கிறது. ரோஜாக் கொட்டகையைப் பிரித்து, நிலத்தை மனைகளாக்கி, மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டிவிட்டார்கள். முன்பு போலப் பனியும் இறங்குவதில்லை. மார்கழியிலேயே காலை எட்டு மணிக்கு வெயில் கண்ணைக் குத்துகிறது. முனிராஜ் இல்லை. கேசவன் மறுகல்யாணம் செய்துகொண்டார். ஹம்சாவைச் சின்ன வயதிலேயே லட்சுமம்மா கூட்டிவந்து, பாகலூரில் ஒரு சின்ன வீட்டில் வைத்து வளர்த்துவருகிறார். இந்த வருடம் அவள் பத்தாம் வகுப்பு.

போன மாதம் லட்சுமம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்ததென்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். அவர் உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தார். முன்னறையில் ஹம்சா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் நெற்றி, அம்மாவின் காது. என்னிடம் கொஞ்ச நேரம் பள்ளிக் கதை பேசிவிட்டு, அம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவள், அமைதியானவள் என்று மட்டும்தான் சொல்கிறார்கள், நீங்களாவது வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டாள்.

சொன்னேன். கொட்டகையைச் சொன்னேன், நாவலைச் சொன்னேன், அவள் அம்மா கண்டுபிடித்த பொய்களை நினைவிருந்தவரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ரசித்துக் கேட்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வளையலையும் கணக்கு மிஸ்ஸையும் சொன்னேன். மிஸ் இரண்டு தடவை கேட்டதைச் சொன்னேன். ஒருவரிடமும் சொல்லாததை முதல் தடவையாக, யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவளுடைய மகளிடம் சொன்னேன்.

ஹம்சா பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க அன்னிக்கு மிஸ்கிட்ட சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பாங்க" என்றாள்.

"ஆமா."

"நான் இருந்திருக்க மாட்டேன். இல்ல ஆன்ட்டி?"

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய், பாட்டிக்கு மருந்து விட்டுவிட்டு, எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பிறகு முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில் உட்காராமல், அறையின் அந்தக் கோடியில் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டாள். நான் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, செருப்பை மாட்டுகிற வரைக்கும் அவள் நிமிரவில்லை.